கடலோர ஊர்கள் – 9: தெப்பப்பாலம் என்றோர் ஊர்

தென் கொரியாவின் தெற்குக் கரையில், போசொங் மாவட்டத்தில் இருக்கிறது பொல்க்யோ. ரயிலிலிருந்து இறங்கிக் கடலைத் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஆறுதான். ஆற்றோரம் நெடுக நாணல். அதற்கப்பால், நீர் வற்றிய வேளையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் நிறச் சேறு.

பொல்க்யோ என்றால் தெப்பப்பாலம் என்று பொருள். ஒருகாலத்தில் தெப்பங்களைப் பிணைத்துத்தான் ஊரார் ஆற்றைக் கடந்தார்கள். 1729இல் சொனாம்சா மடத்துத் துறவிகள் அங்கே கல்பாலம் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று வளைவுகளோடு அது இன்றும் நிற்கிறது. வளைவின் அடியில் குனிந்து பார்த்தால், உச்சிக்கல்லிலிருந்து கல் டிராகனின் தலை ஒன்று தண்ணீரைப் பார்த்தபடி நீண்டிருக்கும்.

அதே மடத்தில் 1943இல் பிறந்தவர் எழுத்தாளர் ஜோ ஜொங்ரே. 1948இல் இப்பகுதியில் வெடித்த கிளர்ச்சியும் அதன் பின் வந்த கொரியப் போரும் இந்த மண்ணைக் கிழித்த கதையைப் பத்துப் பாக நாவலாக எழுதினார். நாவலில் வரும் விடுதி, 1935இல் கட்டிய மரக்கட்டடம், கடைத்தெருவில் அப்படியே இருக்கிறது.

ஊருக்குச் சோறு போடுவது சேறு. குளிர்காலத்தில் அதற்குள்ளிருந்து ‘கொமாக்’ என்ற மட்டி கிடைக்கிறது. கூரை ஓட்டைப்போல வரிவரியான ஓடு. உள்ளே சதை ரத்தச் சிவப்பு. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. இதைச் சமைக்கப் பக்குவம் வேண்டும். ஒரே பக்கமாகக் கிளறிக்கொண்டே இருந்து, ஓடு வாய் திறக்குமுன் இறக்கிவிட வேண்டும். திறந்துவிட்டால் சாறு போயிற்று, ருசியும் போயிற்று. பிறகு ஓட்டின் பின்பக்கப் பொருத்தில் கரண்டியை நுழைத்து ஒரு திருகு.

மட்டி எடுப்பதுதான் பெரும்பாடு. சேறு மாவுபோல நைசு. இறங்கினால் தொடைவரை உள்ளே இழுக்கும். அதனால் பெண்கள் ‘பொல்பே’ என்னும் ஒடுங்கிய பலகையில் போகிறார்கள். முன்முனை மேல்நோக்கி வளைந்த பலகை அது. ஒரு முழங்காலை அதில் ஊன்றி, மறுகாலால் சேற்றை உதைத்து உதைத்து வழுக்கிக்கொண்டே நகர்கிறார்கள். பலரும் வயதான அம்மாக்கள். எலும்பு நடுங்கும் குளிரில், கடல்நீர் ஏறுவதற்குள் கரை திரும்பியாக வேண்டும். 2015இல் கொரிய அரசு இந்தத் தொழிலைத் தேசிய மீன்பிடி மரபாக அறிவித்தது. பாராட்டு வாங்கித் தந்தவர்கள் இந்த அம்மாக்கள்தாம்.

கொரியாவில் எல்லாச் சேற்றுவெளிகளும் தப்பவில்லை. மேற்குக் கரையில் சேமங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டருக்கு அணை கட்டி, பரந்த சேற்றுவெளியைக் கடலிலிருந்து துண்டித்துவிட்டார்கள். அது பெரிய இழப்பு. பொல்க்யோவிலும் ஜப்பானியர் ஆட்சியில் கரை போட்டு வயலாக்கிய பகுதி உண்டு. இப்போது மக்கள் நாணலைப் பார்த்தபடி நடப்பது அந்தக் கரைமீதுதான். ஆனால் அதற்கு வெளியே சேறு பிழைத்தது. 2021இல் யுனெஸ்கோ உலக மரபாக ஏற்ற கொரியச் சேற்றுவெளிகளில் இதுவும் ஒன்று.

அதையொட்டிய சுன்சொன் விரிகுடாவுக்குக் குளிர்காலத்தில் வெண்கழுத்துக் கொக்குகள் வருகின்றன. கம்பியில் மோதி அவை சாகாமல் இருக்க, 2009இல் வயல்களிலிருந்த 282 மின்கம்பங்களைப் பிடுங்கினார்கள். பலகைப் பெண்கள் சேற்றில் இறங்கும் அதே மாதங்களில், கம்பிகள் இல்லாத அந்த வயல்களில் கொக்குகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கி, சிந்திய நெல்லைப் பொறுக்குகின்றன.