கண் மஞ்சளாகி, மலம் வெளுத்தால் தாமதிக்க வேண்டாம்

தோட்டத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் உடனே நாம் சொல்வது, "மஞ்சக்காமாலைதான், கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க, சரியாகிரும்" என்பதே. பலருக்குச் சரியாகியும் இருக்கிறது. காரணம், கிருமியால் ஈரலில் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். நல்ல பேர் மட்டும் இலைக்குப் போய்விடும். ஆனால் எல்லாக் காமாலையும் ஒன்றல்ல.

ஈரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு சிறு குழாய் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. கொழுப்பைச் செரிக்க உதவுவதும், மலத்துக்கு நிறம் கொடுப்பதும் அதுதான். கானில் அடைப்பு விழுந்தால் தண்ணீர் பின்னால் தேங்குமல்லவா? அதுபோல இந்தக் குழாய் அடைபட்டால் பித்தம் இரத்தத்தில் கலந்துவிடும். அடைப்பது கல்லாகவும் இருக்கலாம். குழாயிலோ, பித்தப்பையிலோ, கணையத்தின் தலைப்பகுதியிலோ வளரும் கட்டியாகவும் இருக்கலாம். கல் என்றால் பெரும்பாலும் கடும் வலி இருக்கும். கட்டி என்றால் பல வேளை தொடக்கத்தில் வலியே இராது. "வலி இல்லையே" என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

அடைப்பைக் காட்டும் அடையாளங்கள்:

1. கண்ணும் தோலும் நாளுக்கு நாள் மஞ்சளாதல்.
2. சிறுநீர் சாயத் தேத்தண்ணீர் போல் கறுத்துப் போதல்.
3. மலம் வெள்ளைக் களிமண் போல் வெளுத்தல்.
4. இரவில் தூங்க விடாத உடம்பு அரிப்பு.
5. பசியின்மை, உடம்பு மெலிதல்.

இவை தெரிந்தால், விசேஷமாக வயதானவர்களுக்கு, தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளிர் காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். குழாயில் கிருமி பரவினால் உயிருக்கே ஆபத்து.

இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அடைப்பைக் காட்டும். கட்டி சிறியதாக, பரவாமல் இருந்தால் சிலருக்கு ஒப்பரேஷன் செய்து அகற்றலாம். முடியாவிட்டாலும், வாய் வழியாகக் கருவி விட்டு 'ஸ்டென்ட்' எனும் சிறு குழாயை வைத்தால் பித்தம் இறங்கும், அரிப்பு அடங்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

அடைப்பால் வரும் காமாலை யாருக்கும் தொற்றாது. நோயாளியின் தட்டை, பாயை ஒதுக்கி அவர் மனதை நோகடிக்க வேண்டாம்.

இலை மருந்து கட்டியைக் கரைக்காது. காத்திருக்கும் மாதங்களில் கட்டிதான் வளரும். ஒரு நாள் பேர் போனால் போகட்டும். நமக்கு ஆள் வேண்டும்.