இராமானுஜனின் பதின்மூன்று இலக்க எண்

கணிதமேதை இராமானுஜன் என்றதும் 1729 என்ற வாடகைக் கார் இலக்கமே பலருக்கும் நினைவில் எழும். ஆயின், அவர் பெயருடன் இணைந்த வேறோர் பேரெண்ணும் உண்டு. 1915 ஆம் ஆண்டில் இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்ட அவரது நீண்ட கட்டுரையின் அட்டவணை இவ்வெண்ணுடன் முடிவடைகின்றது: 6746328388800.

12 என்ற எண்ணை மீதியின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என்னும் ஆறு காரணிகள். 12 இலும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தனக்கு முந்திய எண்கள் அனைத்தையும் காரணிகளின் தொகையில் விஞ்சும் எண்களையே இராமானுஜன் ஆராய்ந்தார். மணிக்குரிய 60 நிமிடங்களும், வட்டத்தின் 360 பாகைகளும் இவ்வகையினவே. இந்நாட்டில் 1971 வரை ஒரு பவுணுக்கு 240 பென்ஸ் இருந்தன. 240 இற்குக் காரணிகள் 20. இன்றைய 100 இற்கோ 9 மட்டுமே. மூவர் சமமாகப் பங்கிட 240 இடங்கொடுக்கும்; 100 கொடாது.

மேற்சொன்ன பேரெண்ணை முதன்மை எண்களாகப் பிரித்தால் 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5 உம் 7 உம் இவ்விரு தடவையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு தடவையும் வரும். ஒவ்வொரு தடவைத் தொகையுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2×2 = 10080.

வியப்பு யாதெனில், அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 293318625600. இறுதி எண்ணை 23 ஆல் வகுத்தால் அதுவே விடையாக வரும். மேதையின் கணக்கையும் ஒரு மாணவர் தாளும் பேனாவும் கொண்டு சரிபார்க்கலாம் என்பது கணிதத்தின் சிறப்பு.

கணிதமன்றி ஏனைய பாடங்களைக் கவனியாது விட்டதால் கல்லூரிப் பரீட்சைகளில் தவறி, பட்டமின்றிச் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர் இராமானுஜன். 1914 ஏப்ரலில் இலண்டன் வந்தார். சில மாதங்களில் உலகப்போர் மூண்டது. ஏற்ற உணவும் கிடையாது அந்நிய மண்ணில் அவர் செய்த இவ்வாய்வுக்காகவே 1916 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டமளித்தது.

இல்ஃபோர்ட்டில் வாழும் எமது பெற்றோர் சிலர், ஆங்கிலம் சரளமாக வராத காரணத்தால் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தினின்றும் ஒதுங்கி நிற்கின்றனர். ஊர்ப் பாடசாலையில் நாம் மனனம் செய்த வாய்ப்பாடு இங்கும் மாறவில்லை. 720 இற்கு எத்தனை காரணிகள் என்று இவ்வாரம் பிள்ளைகளிடம் கேளுங்கள். அருகிலமர்ந்து நீங்களும் தமிழிலேயே கணக்கிடுங்கள். விடை 30.