ஓயாது தும்மும் நாய்

வீட்டு நாய் இரண்டொரு முறை தும்மினால் எவரும் கவலை கொள்வதில்லை; கொள்ளவும் வேண்டியதில்லை. மண்ணை முகர்ந்த நாய் மூக்கிற் புகுந்த தூசியைத் தும்மியே வெளியேற்றுகின்றது. விளையாட்டு உற்சாகத்திலும் நாய்கள் தும்முவதுண்டு. ஆனால் நாட்கணக்காகத் தும்மும் நாயைக் கண்டும், "தடிமன் பிடித்திருக்கிறது, தானே மாறிவிடும்" என்று விட்டுவிடுகிறார்களே, அங்கேதான் தவறு நேர்கின்றது. நாயின் நெடுநாட் தும்மலுக்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும்.

முதலிற் கவனிக்க வேண்டியது, நீர் வடிவது ஒரு மூக்குத் துவாரத்திலா, இரண்டிலுமா என்பதே. இரண்டிலும் தெளிந்த நீர் வடிந்து, நாயும் உற்சாகம் குன்றாதிருந்தால், வீட்டையே சோதித்தல் வேண்டும். நுளம்புச் சுருளின் புகை, சாம்பிராணி, சுருட்டு, நிலங்கழுவும் மருந்தின் நெடி ஆகியன மனிதருக்குச் சிறிதாகத் தோன்றலாம். கட்டிலின் கீழ் எரியும் சுருளின் அருகே, நிலத்தில் மூக்கை வைத்துறங்கும் நாய்க்கு அவை சிறியனவல்ல. சில நாட்கள் அவற்றை அகற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். சளி தடித்து, கண்பீளை, காய்ச்சல், இருமல் ஆகியனவும் சேர்ந்தால் அது வேறு கதை. தடுப்பூசி போடாத குட்டியாயின் டிஸ்டெம்பர் எனும் கொடிய தொற்றுநோயாகவும் இருக்கலாம். அதனை ஏனைய நாய்களிலிருந்து பிரித்து அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

ஒரு துவாரத்தில் மட்டும் வடிதல் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே ஏதோ இருப்பதைக் காட்டும். புற்றரையில் ஓடி வந்த நாய் திடீரெனத் தொடர்ந்து தும்மி, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்தால், புல்விதையைச் சந்தேகிக்கலாம். இவ்விதைகளிலுள்ள நுண்ணிய முட்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை; ஆகையால் விதை உள்ளே நகருமேயன்றி எளிதில் வெளிவராது. சில நாட்களில் தும்மல் தணியலாம். குணமாகிவிட்டதென வீட்டார் மகிழ்வர். விதையோ உள்ளே புண்ணை வளர்த்துக்கொண்டிருக்கும். ஓடை நீர் குடிக்கும் நாயின் மூக்கிற் சிற்றட்டை புகுவதுமுண்டு. தாகத்தோடிருக்கும் நாயின் முன் தண்ணீர்க் கோப்பையை வைத்தால் அட்டை தலை நீட்டும். ஆனால் அதைப் பற்றியிழுப்பது வைத்தியரின் வேலை.

பலர் எண்ணிப் பாராத காரணம் பல். நாயின் மேற்பற்களின் வேர்கள் மூக்கறையை மெல்லிய எலும்பளவே பிரிந்து நிற்பன. வேர் அழுகினால் சீழ் மூக்கின் வழியே வரும். வயது சென்ற நாயின் வாய் நாறுவதும் மூக்கு வடிவதும் சில வேளைகளில் ஒரே நோயேயாகும். பல்லைப் பிடுங்கத் தும்மல் நிற்கும். முதிய நாய்க்கு, சிறப்பாக நீண்ட முகமுடையதற்கு, ஒரு பக்கத்தால் இரத்தம் கசிந்தால் கட்டியையும் நினைத்தல் வேண்டும். உண்ணிக் காய்ச்சலாலும் மூக்கில் இரத்தம் வரக்கூடும். எவ்வாறாயினும் இரத்தத்தைக் கண்டபின் காத்திருத்தல் ஆகாது.

மனிதருக்குரிய தடிமன் மாத்திரைகளையும் மூக்குச் சொட்டு மருந்துகளையும் நாய்க்குக் கொடுத்தல் கூடாது. பரசிற்றமோல் அதன் ஈரலைக் கெடுக்கும். சிமிட்டாவை மூக்கினுள் விடுவதும் ஆபத்து. வைத்தியர் மயக்கமருந்து கொடுத்து, குழாய்க்கருவியாலோ எக்ஸ்-கதிர்ப் படத்தாலோ உள்ளே பார்ப்பார்.

தும்மல் என்று தொடங்கியது, திடீரென்றா, மெல்லவா, எந்தத் துவாரம் என்பனவற்றைக் குறித்துச் செல்லல் நன்று. கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக் காட்டினால் இன்னும் நன்று. ஏனெனில், வைத்தியரின் மேசைமீது ஏறியதும் பல நாய்கள் அச்சத்தில் தும்மலையே மறந்துவிடுகின்றன.