இயந்திரா என்னும் விளி: எழுத்தாளர் சுஜாதாவும் அறிவியல் தமிழும்

'இயந்திரம்' அஃறிணைப் பெயர். அதனை விளிக்க நேர்ந்தால் 'இயந்திரமே' என்பதே இயல்பு. 'மரம்' 'மரமே' ஆவது போல. ஆயினும் 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்த தொடர்கதை ஒன்று 'என் இனிய இயந்திரா' என்னும் தலைப்பைத் தாங்கி வந்தது. னகர ஈற்று உயர்திணைப் பெயர்களே விளிக்கும்பொழுது ஆகாரம் ஏற்பன. முருகன் முருகா ஆகிறான். கண்ணன் கண்ணா ஆகிறான். தொல்காப்பியம் விளிமரபில் விதித்த நெறி இது. எனவே 'இயந்திரா' என்று அழைப்பவர், அவ்வாறு அழைக்கும்பொழுதே 'இயந்திரன்' என்னும் ஓர் ஆண்பாற் பெயரை மொழிக்குள் புகுத்திவிடுகிறார். பல்லாண்டுகள் கழித்து, 2010இல், அதே எழுத்தாளரின் பங்களிப்போடு வெளிவந்த திரைப்படம் 'எந்திரன்' என்றே பெயர் பெற்றது. விளி முன்னே வந்தது. எழுவாய் பின்னே வந்தது.

இதனைச் செய்தவர் இலக்கண ஆசிரியர் அல்லர், மின்னணுவியல் பொறியாளர். அவர் சுஜாதா. தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் மொழியியல் நோக்கில் இங்கே காண்போம். நம் பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுக்கு அவ்வெழுத்து எதற்கு என்னும் வினாவும் இடையிடையே எழும்.

சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். 1935 மே 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது திருவரங்கத்தில், பாட்டியின் அரவணைப்பில். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்னணுவியல் கற்றார். இந்திய விமானப் போக்குவரத்துத் துறையில் பல்லாண்டுகள் பணியாற்றியபின் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இந்தியத் தேர்தல்களில் இன்று பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட அம்முறை, சட்டத் திருத்தங்களையெல்லாம் கடந்து, 2004 பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

'சுஜாதா' அவருடைய துணைவியாரின் பெயர். குமுதம் இதழில் ரா.கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் முன்னரே இருந்தமையால், பெயர்க் குழப்பம் நேராதிருக்க இப்புனைபெயரைச் சூடிக்கொண்டார். 1960களில் குமுதத்தில் கதைகள் வரத்தொடங்கின. 'நைலான் கயிறு' என்னும் முதல் நாவல் 1968இல் தொடராக வந்தது. அதன் பிறகு துப்பறியும் கதை, சமூக நாவல், நாடகம், பத்தி எழுத்து, திரைக்கதை வசனம் என அவர் தொடாத துறை குறைவு. அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றமைக்காக 1993இல் இந்திய அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் பரிமாற்றக் குழுவின் விருதும் அவருக்குக் கிடைத்தது. 2008 பிப்ரவரி 27ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

பொறியியலைத் தொழிலாகவும் கதையைத் துணைத் தொழிலாகவும் கொண்டிருந்த அவரோடு ஒப்பிட ஒரு செருமானியர் இருக்கிறார். செருமானிய அறிவியல் புனைகதையின் தந்தை எனப்படும் குர்ட் லாஸ்விட்ஸ் 1848இல் பிறந்தவர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கோத்தா நகரத்துப் பள்ளியொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். நம் வாசகர் பலரும் ஆசிரியர் ஆதலின் இச்செய்தி அவர்களுக்கு உவப்பாக இருக்கும். 'இரண்டு கோள்களில்' என்று தமிழில் பெயர் சொல்லத்தக்க அவருடைய பெருநாவல் 1897இல் வெளிவந்தது. செவ்வாய்க் கோளினர் வடதுருவத்தில் வந்திறங்குவதைச் சொல்லும் கதை அது. அந்நாவலில் அவர் ஆளும் 'ரௌம்ஷிஃப்' என்னும் செருமானியத் தொகைச்சொல் வெளி, கப்பல் ஆகிய இரண்டு பெயர்களின் சேர்க்கை. தமிழின் 'விண்கலம்' அவ்வாறே அமைந்தது. சங்க காலத்தில் கடலில் ஓடிய கலம் விண்ணுக்குச் சென்றது. இரண்டு மொழிகளிலும் பழஞ்சொற்கள் இரண்டு கைகோத்து, எவரும் காணாத ஒன்றைக் குறித்தன. தொகைச்சொல் ஆக்கும் ஆற்றலுடைய மொழிக்கு அறிவியல் அயலார் வீட்டு விருந்தன்று.

சுஜாதாவிடம் திரும்புவோம். 'என் இனிய இயந்திரா' கதை 2020களின் தொடக்கத்தில் நிகழ்வதாக எழுதப்பட்டது. அந்த ஆண்டுகளை நாமும் கடந்து வந்துவிட்டோம் என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். நிலா என்னும் இளம்பெண்ணின் கணவன் சிபி காணாமற் போகிறான். ரவி, மனோ என்போர் அவள் வாழ்வில் குறுக்கிடுகின்றனர். ரவியுடன் வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய். கதையின் முடிச்சை இங்கே அவிழ்ப்பது முறையன்று, படித்தறிக.

மேற்கூறிய பெயர்களை ஒருமுறை எழுத்தெண்ணிப் பாருங்கள். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ. எல்லாம் ஈரெழுத்து. அக்கற்பனை நாட்டில் பெயர்கள் இரண்டு எழுத்துக்கு மேற்போகக் கூடாது. பெயர் என்பது தமிழரிடையே ஊரையும் குலத்தையும் தந்தையையும் வழிபடு தெய்வத்தையும் சுமந்து வருவது. அதனை ஈரெழுத்தாக நறுக்கியதும் வரலாறு அற்றுப்போகிறது. நாயின் பெயருக்கும் ஆள்வோன் பெயருக்கும் அளவில் வேறுபாடு இல்லாமற் போகிறது. அடக்குமுறையைக் காட்டப் பக்கம் பக்கமாக எழுதாமல் எழுத்தெண்ணிக்கை ஒன்றாலேயே காட்டிவிட்டார். ஆங்கிலத்தில் இவ்வுத்தி இவ்வளவு கச்சிதமாக அமையாது. உயிர்மெய் ஓர் எழுத்தாக நிற்கும் தமிழ் நெடுங்கணக்கின் கொடை இது.

திணைச் சிக்கல் இதனினும் சுவையானது. தொல்காப்பியர் மக்களை உயர்திணை என்றும் மக்களல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் வகுத்தார். நன்னூலார் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டார். ஆகவே திணையின் எல்லை ஒருமுறை வகுத்ததோடு மூடிவிட்ட வேலியன்று. சிந்திக்கவும் உரையாடவும் நூல் படிக்கவும் வல்ல ஜீனோ எத்திணை? நாய் என்பதால் அஃறிணை. இயந்திரம் என்பதால் மீண்டும் அஃறிணை. ஆயினும் அது பேசப்பேச வாசகர் மனத்தில் 'அது' 'அவன்' ஆக நழுவுகிறது. திணை பாகுபாடு இல்லாத மொழிகளில் இவ்வுறுத்தல் இந்த அளவுக்கு எழாது. தமிழிலோ வினைமுற்று வரும்தோறும் எழுத்தாளர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: வந்தானா, வந்ததா? இன்று கைப்பேசியோடு உரையாடும் பிள்ளைகள் அதனை எவ்வாறு சுட்டுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துவைப்பது நல்லதோர் ஆய்வேடாகும்.

அவருடைய நடையில் குறை காண்போர் உண்டு. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே கொட்டினார் என்பது முதற்குறை. வாரத்தொடரின் நெருக்கடியில் பல நாவல்கள் இறுதியில் ஓட்டமாக ஓடி முடிகின்றன என்பது இரண்டாவது. இரண்டாவதை நாம் மறுக்கமாட்டோம். 'மீண்டும் ஜீனோ' முதற்கதையின் கட்டுக்கோப்பை எட்டவில்லை என்பதே நம் எண்ணம். முதற்குறையை மட்டும் சற்று ஆராய்தல் வேண்டும். கணினியியல் பற்றி அவர் எழுதிய நூலொன்றின் பெயர் 'சிலிக்கான் சில்லுப் புரட்சி'. சிலிக்கான் என்னும் தனிமத்தின் பெயரை அவர் மாற்றவில்லை. அது உலகப் பொதுப்பெயர். அதன் துணுக்கைக் குறிக்கச் 'சில்லு' வந்தது. உடைந்த ஓட்டுத்துண்டு சில்லு. சிறுமியர் தரையில் கட்டம் கீறி நொண்டியாடும்போது எறிவதும் சில்லு. ஆங்கிலச் சொல்லோடு ஓசையில் ஓரளவு ஒத்தும், பொருளில் முழுதும் பொருந்தியும் வரும் சொல். எதனைக் கடன்பெறுவது, எதனை வீட்டிலிருந்தே எடுப்பது என்னும் தெரிவு அத்தலைப்பு ஒன்றிலேயே விளங்குகிறது. ஆழ்வார்களுக்கும் புறநானூற்றுக்கும் எளிய அறிமுகம் எழுதிய கை அது. தமிழ் தெரியாமல் ஆங்கிலத்தை நாடிய கை அன்று.

இவ்விடத்தில் நம் மண்ணின் சான்று ஒன்றைச் சொல்லாமல் நகர இயலாது. பிரேசில் நாட்டு ரப்பர் மரத்தின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தபோது, அவற்றுள் சில நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அம்முதுமரங்களின் வழிவந்த ஒன்று இன்றும் அவ்வூரில் பாதுகாக்கப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளர் அதுவரை கண்டிராத மரம் அது. அதுவரை அறியாத தொழில்நுட்பம். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் அவர்களுக்கு வழிகாட்டவில்லை. பால்மரம், பால்வெட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால் என ஒரு தொழிலுக்கு வேண்டிய சொற்கள் யாவற்றையும் அவர்களே அமைத்துக்கொண்டனர். மரத்தில் வடிந்து உறைந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மங்கில் உறைந்து கட்டியானது கட்டிப்பால். வேறுபாடு எவ்வளவு துல்லியம்! எழுதப் படிக்க அறியாதோர் பலர் சேர்ந்து செய்த அறிவியல் தமிழ் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தபின் இச்சொற்கள் வழக்கிழந்து வருகின்றன. அவற்றை அறிந்த முதியோர் இருக்கும்போதே மாணவர் கேட்டுத் தொகுத்தல் வேண்டும்.

அத்தோட்டங்களில்தான் குமுதமும் விகடனும் லயத்துக்கு லயம் கைமாறி, அட்டை கிழிந்த பின்னும் படிக்கப்பட்டன. கணினியை நேரில் கண்டிராத வாசகர் கணினியைப் பற்றி முதலில் அறிந்தது சுஜாதா வழியாக என்றால் அது மிகையன்று. ஜூனியர் விகடனில் அவர் எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் வினாவிடைப் பகுதி பலருக்குப் பாடநூலுக்கு ஈடாக விளங்கியது.

இனி, இன்றைய நிலை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு தொடங்கி அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009 ஜூலையில் அக்கொள்கை கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்து, எம்மொழியில் கற்பிப்பது என்னும் வழக்கு மீண்டும் மூண்டது. கொள்கை சரியா தவறா என்பது வேறு. அதன் விளைவொன்றை மட்டும் இங்குக் குறிக்கிறோம். 2003இல் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைத்த பிள்ளைகள் இன்று ஆசிரியராகும் அகவையினர். தொடக்கப்பள்ளியில் ஆங்கிலத்திலும் இடைநிலைப்பள்ளியில் பிறமொழியிலும் அறிவியல் பயின்ற அவர்களுள் பலர், ஒருநாளும் தமிழில் அறிவியல் பாடம் கேளாமலேயே தமிழில் அறிவியல் கற்பிக்கும் நிலைக்கு வந்திருக்கின்றனர்.

அவர்களுக்குக் குறைவது கலைச்சொல் அன்று. ஒளிச்சேர்க்கை, ஈர்ப்புவிசை, மின்சுற்று முதலியன பாடநூலில் உள்ளன, அகரமுதலிகளும் உள்ளன. குறைவது வாக்கியம். ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்று ஏன் நிகழ்கிறது என்பதை, மாணவர் முகம் பார்த்து, நான்கு சிறு தொடரில் தமிழில் சொல்லும் பழக்கம். அப்பழக்கத்தைச் சொற்பட்டியல் தாராது. அறிவியலைத் தமிழில் எண்ணி எழுதிய ஒருவரைப் பலமுறை படித்தாலன்றி வாராது. சுஜாதாவின் தொடர்கள் குறுகியவை. முதலில் வாசகர் அறிந்த பொருள், அடுத்து அறியாத பொருள், உடனே ஓர் ஒப்புமை, முடிவில் சிறு குறும்பு. ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு ஆனால், ஆகவே, எனில் முதலிய இணைப்புச் சொற்களுக்கு மட்டும் அடிக்கோடிட்டுப் பார்த்தால் விளக்கும் முறை வெளிப்படும். பயிற்சி ஆசிரியர்க்கு இதனினும் எளிய பாடம் இல்லை.

வகுப்பில் புகுத்தவும் புதுவழி தேட வேண்டியதில்லை. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்க்குத் 'தன்கதை' எழுதுவது கைவந்த கலை. 'நான் ஒரு மிதிவண்டி', 'நான் ஒரு பேனா' எனத் தொடங்கிப் பிறந்த ஆலையையும் வாங்கிய சிறுவனையும் குப்பைத்தொட்டியையும் சொல்லி முடிப்பார்கள். அஃறிணைப் பொருளைத் தன்மையிடத்தில் பேசவைக்கும் பயிற்சி அது. ஜீனோவின் வீட்டுக்கு அடுத்த வீடு. 'நான் ஒரு பால்வெட்டும் இயந்திரம்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். மரப்பட்டையை எவ்வளவு ஆழம் கீறுவது என்று அவ்வியந்திரம் எவ்வாறு அறியும், மழை நாளில் என் செய்யும், மங்கு நிரம்பியதை எப்படி உணரும் என்று மாணவர் எண்ணியாக வேண்டும். பாதிப்பேர் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்பார்கள். அவ்வியந்திரத்தை மற்றவர் 'அது' என்பாரா, 'அவன்' என்பாரா, 'அவள்' என்பாரா என்னும் வினாவை, கட்டுரையைத் திருத்தித் திருப்பித் தரும் நாளில் கேட்கலாம்.