பெட்டி இரண்டு, சம்பளம் ஒன்று!



“என்னங்க, அடுத்த வீட்டுல சுவரு நெறைய டீவி மாட்டியிருக்காங்க. நம்ம வீட்டுல மட்டும் இன்னும் இந்தப் பழைய பெட்டிதானா?”

இப்படி ஒரு கேள்வி எழாத லயம் உண்டா? தீபாவளி நெருங்கிவிட்டால் இந்தக் கேள்வி இன்னும் பலமாக எழும். பிள்ளைகளும் தாயாரோடு சேர்ந்துகொள்வார்கள். பாவம் அந்தக் குடும்பத் தலைவர்! சம்பள நாளன்று பட்டணத்துக் கடைக்குப் போய், கண்ணைப் பறிக்கும் படங்களுக்கு முன்னால் வாயடைத்து நிற்பார்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. 1978 கடைசியில் வண்ணம் வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு பெட்டி இருக்கும். பெரியவர்கள் நாற்காலியிலும் சிறுவர்கள் தரையிலும் உட்கார்ந்து, ஊரே கூடிப் பார்த்தது. எந்தப் பெட்டி வாங்குவது என்ற தலைவலி யாருக்கும் இருந்ததில்லை. இன்று வீட்டுக்கு வீடு டீவி இருக்கிறது. தலைவலியும் கூடவே வந்துவிட்டது.

கடையில் நம் சக்திக்கு எட்டும் பெட்டிகளைப் பார்த்தால், பெரும்பாலும் போட்டி இரண்டுக்குத்தான். ஒன்று, 32 அங்குலச் சாதாரண டிஜிட்டல் டீவி. மற்றொன்று, 43 அங்குல ‘ஸ்மார்ட்’ டீவி. விலை கடைக்குக் கடை மாறும். கணக்குப் பார்க்க வசதியாக முதலாவது 550 வெள்ளி, இரண்டாவது 1,100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எதை வாங்கலாம்?

படம் எந்த வழியாக வருகிறது?

பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கூரையைப் பாருங்கள். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். நம் வீட்டுக்குப் படம் வரக்கூடிய வழிகள் மூன்று.

முதல் வழி ஏரியல். பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது வருவது ‘மைஃப்ரீவியூ’ எனப்படும் டிஜிட்டல் ஒளிபரப்பு. டிவி1, டிவி2, டிவி3 எல்லாம் இதில் கிடைக்கும். டிவி2-இல் வரும் தமிழ்ச் செய்தியையும் பார்க்கலாம். மாதக் கட்டணம் ஒரு காசு கிடையாது. ஆனால் பெட்டிக்குள் ‘டி.வி.பி. - டி2’ என்ற வாங்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தனியாக ஒரு டிகோடர் வாங்கிப் பொருத்த வேண்டும். “டிஜிட்டல் டீவிதானே?” என்று கேட்காதீர்கள். எல்லாக் கடைக்காரரும் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள். “உள்ளே டி2 இருக்கா? ஏரியல் போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். ஏரியலும் யூ.எச்.எஃப். வகையாக இருக்க வேண்டும். நீளக் குழாய்கள் கொண்ட பழைய வி.எச்.எஃப். ஏரியல் இதற்கு உதவாது.

பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களிலும் மலையடிவாரத்து லயங்களிலும் அலை சரியாக எட்டாமல் போகலாம். அதே லயத்தில் ஏற்கெனவே ஏரியல் போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காசு செலவில்லாத சோதனை அதுதான்.

இரண்டாவது வழி டிஷ். ஆஸ்ட்ரோ வைத்திருப்போரும், மாதக் கட்டணமில்லாத ‘என்ஜோய்’ வைத்திருப்போரும் இந்த வகை. இவர்களுக்குப் படம் தனிப் பெட்டி வழியாக வந்துவிடுகிறது. டீவிக்குள் டி2 இருக்கிறதா, அது ‘ஸ்மார்ட்’ வகையா என்பதெல்லாம் பெரிய விஷயமே அல்ல. நல்ல திரையும் தெளிவான ஒலியும் இருந்தால் போதும்.

மூன்றாவது வழி இணையம். ‘ஸ்மார்ட்’ டீவிக்கு உயிர் இதில்தான் இருக்கிறது. யூடியூப்பில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், பிள்ளைகள் பாடமும் கேட்கலாம். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இணையம் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்குக் கம்பி வழி இணைப்பு இருந்தால் கவலையில்லை. கைத்தொலைபேசியிலிருந்துதான் டீவிக்குக் கொடுக்க வேண்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி கரையும். எச்.டி. தரத்தில் 3 ஜிபி வரை போகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் சாதாரணத் தரத்தில் பார்த்தாலே மாதத்துக்கு 60 ஜிபி. உங்கள் கைத்தொலைபேசித் திட்டம் அதைத் தாங்குமா? தாங்காது என்றால், கூடுதலாகக் கொடுத்த 550 வெள்ளி சுவரில் சும்மா தொங்கும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். மலிவு ‘ஸ்மார்ட்’ டீவிகளில் திரைக்கு வயதாகும் முன்பே மூளைக்கு வயதாகிவிடும். சில ஆண்டுகளில் செயலிகள் மந்தமாகும், சில நின்றே போகும். சாதாரண டீவிக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் வீட்டுக்கு இணையம் வந்தால், அதன் எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு சின்னக் கருவியைச் செருகி அதையே ‘ஸ்மார்ட்’ ஆக்கிக்கொள்ளலாம்.

உட்கார்ந்து பாருங்கள்

கடையில் எல்லாரும் நின்றுகொண்டே டீவி பார்ப்போம். வீட்டிலோ பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். மலிவுத் திரைகள் சிலவற்றில், கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்த்தால் முகங்கள் கறுத்துப் போகும். ஆகவே வெட்கப்படாமல் கடையில் குந்திப் பாருங்கள்! ஓரத்தில் போய் நின்றும் பாருங்கள். “என்ன அண்ணே, ஏதாச்சும் விழுந்துடுச்சா?” என்று கடைப் பையன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பணம் உங்களுடையது.

அளவு விஷயம் என்ன? 32 அங்குலம் என்றால் மூலைக்கு மூலை 81 செண்டிமீட்டர். நாலு முதல் ஆறரை அடி தூரத்தில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். 43 அங்குலத்துக்கு ஐந்தரை முதல் ஒன்பது அடி வேண்டும். உங்கள் கூடத்தில் சுவருக்கும் பாய்க்கும் இடையே எத்தனை அடி என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சின்னக் கூடத்தில் பெரிய திரை வைத்தால் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

‘4கே’ என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏரியல் வழி வரும் ஒளிபரப்பின் தரம் எச்.டி. வரைதான். அதற்கு மேல் திரையில் எத்தனை புள்ளிகள் இருந்தாலும் உங்கள் செய்தியும் நாடகமும் கூடுதலாகத் தெளியப்போவதில்லை.

ஒலியையும் சோதியுங்கள். மெல்லிய டீவிகளின் ஒலிபெருக்கி பெரும்பாலும் மெலிந்ததுதான். தகரக் கூரையில் மழை கொட்டும்போது வசனம் கேட்க வேண்டாமா? கடையில் ஒலியை முக்கால்வாசி ஏற்றச் சொல்லி, கரகரப்பு இல்லாமல் பேச்சு புரிகிறதா என்று கேளுங்கள்.

மின்சாரமும் இடியும்

“பெரிய டீவி கரண்டைக் குடிச்சிடும்” என்ற பயம் பலருக்கு உண்டு. 50 வாட் இழுக்கும் சின்னப் பெட்டி, நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 7.5 யூனிட். 90 வாட் இழுக்கும் பெரிய பெட்டி 13.5 யூனிட். வித்தியாசம் 6 யூனிட். பெரிய நஷ்டம் என்று சொல்லமுடியாது. அட்டையில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். நட்சத்திரம் கூடக்கூட மின்சாரம் மிச்சம்.

கரண்டைவிட இடிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இடி தாக்கிக் கெட்ட பெட்டிக்குப் பெரும்பாலும் உத்தரவாதம் செல்லாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போதே பிளக்கையும் ஏரியல் வயரையும் பிடுங்கிவிட்டுப் போங்கள். இடி இறங்கத் தொடங்கிய பிறகு வயரைத் தொடவே கூடாது.

“மாசம் 68 வெள்ளிதான்!”

குடும்பங்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பெரிய பெட்டியின் மேல் 1,100 என்று சின்னதாகவும் ‘மாதம் 68’ என்று பெரிதாகவும் எழுதியிருக்கும். இரண்டு ஆண்டுத் தவணை என்றால் 68-ஐ 24-ஆல் பெருக்குங்கள். 1,632 வெள்ளி! ரொக்க விலைக்கு மேல் 532 வெள்ளி கொடுக்கிறோம்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். அப்படியென்றால் அந்த 532 வெள்ளி எத்தனை நாள் உழைப்பு? எட்டு நாள்! எட்டு நாள் குலை வெட்டிய கூலி, எட்டு நாள் பால் வெட்டிய கூலி, டீவி விலைக்குக்கூட அல்ல, தவணைக்குப் போகிறது. மழைக்காலத்தில் வேலை குறைந்தாலும் தவணை குறையாது.

அதே 68 வெள்ளியை மாதந்தோறும் ஒதுக்கிவைத்தால் எட்டு மாதத்தில் 544 வெள்ளி சேரும். சின்னப் பெட்டி ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது, கடனில்லாமல்! தவணையில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், ரொக்க விலை எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு, ஒரு மாதம் பிந்தினால் என்ன தண்டம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மலாய் சரியாக வாசிக்க வராதவர்கள் படித்த பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். டீவிக்காக ஆலோங்கிடம் கைநீட்டுவதோ வேண்டவே வேண்டாம்.

பெட்டி கெட்டால்?

கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து இறக்கினால், ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். ரசீதும், தேதி முத்திரை குத்திய உத்தரவாத அட்டையும் அடையாள அட்டையைப் போலப் பத்திரம். பழுது பார்க்கும் நிலையம் எந்தப் பட்டணத்தில் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். இணையத்தில் மலிவு என்று வாங்கினால், கெட்டுப்போன பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்றும் கேளுங்கள்.

கடைக்காரர் கைவிரித்தால் சோர்ந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. அதன் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது இருந்தால் நம் வாய்க்கு வலிமை உண்டு.

அப்படியானால் எது?

கூரையில் ஏரியல், கையில் தொலைபேசி இணையம் மட்டும் என்றால் 32 அங்குலச் சாதாரண டிஜிட்டல் டீவியே போதும். டிஷ் வைத்திருப்போருக்கும் அதுவே போதும். கூடம் பெரிதாக இருந்தால் மட்டும் பெரிய திரையை யோசிக்கலாம். வீட்டுக்குக் கம்பி வழி இணையம் இருக்கிறது, பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள், கையில் ரொக்கமும் இருக்கிறது என்றால் தாராளமாக ‘ஸ்மார்ட்’ டீவி வாங்குங்கள்.

அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அந்தச் சுவரில் தொங்கும் டீவிதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பின்னால் தொங்கும் தவணை தெரிவதில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் என்றார்கள் நம் முன்னோர். இந்த வாரமே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, ஒரு துண்டுத்தாளில் கணக்கை எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள்!