பால்புட்டித் தொற்றுநீக்கம்

பால்புட்டித் தொற்றுநீக்கம் என்பது கைக்குழந்தைக்குப் பால் புகட்டப் பயன்படும் புட்டி, நிப்பிள் எனப்படும் ரப்பர் காம்பு, மூடி ஆகியவற்றில் உள்ள நோய்க்கிருமிகளை வெப்பத்தாலோ வேதிப்பொருளாலோ அழிக்கும் முறையாகும். பிறந்து ஆறு மாதங்கள் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. எனினும் தாயின் நோய், பால் போதாமை போன்ற காரணங்களால் மருத்துவர் பால் பவுடரைப் பரிந்துரைப்பதுண்டு. அவ்வாறான வீடுகளில் புட்டியைக் கொதிக்க வைப்பதோடு வேலை முடிவதில்லை. கழுவுதல், தொற்றுநீக்குதல், தக்க சூட்டில் பால் கலத்தல், உரிய நேரத்துக்குள் புகட்டுதல் என்னும் நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை.

தேவை

கைக்குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் முழுமையாக வளர்ந்திராது. புட்டியின் விளிம்பிலும் காம்பின் துளையிலும் தங்கும் பாலாடைத் துணுக்குகளில் கிருமிகள் விரைவாகப் பெருகி வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் உண்டாக்குகின்றன. சிறு குழந்தையின் உடலில் நீரிழப்பு சில மணி நேரத்திலேயே ஆபத்தான நிலையை அடையக்கூடும்.

கழுவுதல்

தொற்றுநீக்கத்திற்கு முன் கழுவுதல் கட்டாயமாகும். பால் படிந்திருக்கும் இடத்தில் கொதிநீரோ மருந்துநீரோ கிருமிகளை முழுமையாகச் சென்றடையாது. முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். புட்டியின் பாகங்களைத் தனித்தனியே கழற்றி, அதற்கென்றே வைத்துள்ள பிரஷ் கொண்டு சோப்பு கலந்த வெந்நீரில் தேய்க்க வேண்டும். காம்பை உள்புறம் வெளியாகத் திருப்பிக் கழுவி, துளை வழியே நீர் பாய்கிறதா என்று பார்த்தல் நலம். குழந்தை குடித்து முடித்த உடனேயே கழுவினால் பால் காய்ந்து ஒட்டாது.

தொற்றுநீக்கும் முறைகள்

1. கொதிக்க வைத்தல்: பெரிய பாத்திரத்தில் எல்லாப் பாகங்களும் மூழ்கும்படி நீர் ஊற்ற வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி தங்கக்கூடாது. பாத்திரத்தை மூடி, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் 10 நிமிடம் வைக்க வேண்டும். புட்டி கொதிநீரைத் தாங்கக்கூடியதா என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. நீராவி: மின்சாரத்தில் இயங்கும் நீராவிக் கருவியில் புட்டியின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, கருவியின் கையேட்டில் உள்ள நேரப்படி இயக்க வேண்டும்.

3. மருந்துநீர்: சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலிலோ அதற்கான மாத்திரை கரைத்த நீரிலோ குறைந்தது 30 நிமிடம் மூழ்க வைக்க வேண்டும். கரைசலை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பாகங்களைச் சுத்தமான இடுக்கியால் எடுப்பது நல்லது. துணியால் துடைத்தால் கிருமி மீண்டும் ஒட்டும். உடனே பயன்படுத்தாவிடில் புட்டியைப் பூட்டி மூடி வைக்க வேண்டும்.

பால் தயாரித்தல்

பலரும் அறியாத செய்தி, டின்னில் அடைத்துவரும் பால் பவுடர் கிருமியற்றது அன்று என்பதாகும். குரோனோபாக்டர், சால்மோனெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் உலர்ந்த பவுடரிலும் உயிருடன் இருக்கக்கூடும். குரோனோபாக்டர் தொற்று அரிதானது. ஆயினும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் அது மூளைக்காய்ச்சலை உண்டாக்கி உயிரைப் பறிக்கலாம். புட்டி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் வெதுவெதுப்பான நீரில் கலந்தால் இக்கிருமிகள் அழிவதில்லை. எனவே 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூடுள்ள நீரில் பவுடரைக் கலக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பும் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

வெப்பமானி இல்லாத வீட்டில், நீரைக் கொதிக்க வைத்து இறக்கி 30 நிமிடத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கேன் தண்ணீரும் சுத்திகரிப்புக் கருவியின் நீரும் கிருமியற்றவை அல்ல. அவற்றையும் கொதிக்க வைக்க வேண்டும். சில டின்களில் 70 டிகிரிக்குக் குறைந்த சூடு குறிப்பிடப்பட்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

முதலில் நீரை அளந்து ஊற்றி, பின்னர் டின்னுடன் வரும் கரண்டியால் தலைதட்டி அளந்து பவுடரைச் சேர்க்க வேண்டும். டின் நாள்பட வர வேண்டும் என்று பவுடரைக் குறைத்தால் குழந்தைக்கு ஊட்டச்சத்து குறையும். கூட்டினால் நீர்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் உண்டாகும். கலந்தபின் மூடிய புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உள்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகே புகட்ட வேண்டும்.

கால வரம்பு

கலந்த பாலை 2 மணி நேரத்துக்குள் புகட்ட வேண்டும். குழந்தை குடித்து மீந்ததைச் சேமித்து மறுமுறை தரலாகாது. முன்கூட்டியே கலக்க நேர்ந்தால் விரைவாக ஆற்றி, 5 டிகிரிக்கு மேற்படாத குளிர்ப்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம். பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைப் புட்டியில் தருவதாயினும் புட்டியின் தூய்மைக்கு இதே விதிகள் பொருந்தும். ஆனால் தாய்ப்பாலைக் கொதிக்க வைக்கக் கூடாது.

வரலாறும் சட்டமும்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய பால்புட்டிகள் பரவலாக இருந்தன. குழாயின் உட்புறத்தைக் கழுவ இயலாததால் அவை கிருமிகளின் உறைவிடமாயின. பிரான்சு 1910ஆம் ஆண்டு அவற்றைச் சட்டத்தால் தடைசெய்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப்பால் பவுடர், பால்புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடைசெய்கிறது.

மாற்று வழி

தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பாலாடை எனும் சங்கு வடிவச் சிறு கலத்தில் துளையோ மடிப்போ இல்லை. ஆகவே அதைக் கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. புட்டியை முறையாகத் தொற்றுநீக்க வசதியில்லாத இடங்களில் பாலாடை அல்லது கிண்ணம் கொண்டு பால் புகட்டுவது பாதுகாப்பானது.