இயன்முறைச் சிகிச்சையாளரிடம் நேரே செல்லலாமா?

நெல் மூட்டையைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்ட தொழிலாளி முதலில் நாடுவது பெரும்பாலும் டாக்டரை அன்று. தைலம் தேய்ப்பவரையோ, எலும்புக் கட்டுப் போடுபவரையோ, மருந்துக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரையையோ அவர் நாடுகிறார். இங்கெல்லாம் செல்வதற்கு எவருடைய சீட்டும் தேவைப்படுவதில்லை. ஆனால், உடற்கூறும் தசைகளின் இயக்கமும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பயின்று பட்டம் பெற்ற இயன்முறைச் சிகிச்சையாளரை, அதாவது பிசியோதெரபிஸ்டை, அணுகுவதற்கு மட்டும் டாக்டரின் பரிந்துரை வேண்டும் என்பது பல மருத்துவமனைகளில் நீண்ட காலமாக நிலவிவரும் வழக்கம். இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, இதனைக் கைவிட்ட நாடுகளில் நேர்ந்தது யாது என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். கிராமத்தில் வலியுற்றவர் “எங்கே போவது?” என்று கேட்பது பெரும்பாலும் அவர்களைத்தான்.

1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பணிப்பெண்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். அக்காலத்தில் அந்நகரின் மசாஜ் நிலையங்கள் சில தகாத செயல்களால் அவப்பெயர் எடுத்திருந்தன. அந்தப் பழி தம் தொழிலின்மீது படியாதிருக்கச் சங்கத்தார் வகுத்த விதிகளுள் ஒன்று, டாக்டரின் உத்தரவின்றி எவருக்கும் சிகிச்சை அளிப்பதில்லை என்பது. ஆகவே இவ்விதி, தொழிலின் மானத்தைக் காக்கும் வேலியாகவே முதலில் எழுந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இத்துறை மருத்துவமனைக்குள்ளேயே பிறந்தது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியதை அடுத்து, 1953-இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் துணையுடன் அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் முதற் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. டாக்டர் அனுப்பும் நோயாளியை ஏற்று நடத்துவது அந்தச் சூழ்நிலையில் இயல்பாகவே அமைந்தது.

பிற நாடுகளில் இவ்விதி மெல்லத் தளர்ந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1957-இலேயே நேரடி அணுகலுக்கு வழிவிட்டது. ஆஸ்திரேலியச் சங்கம் 1976-இல் தன் ஒழுக்க நெறிகளிலிருந்து பரிந்துரை நிபந்தனையை நீக்கிற்று. பிரிட்டன் அதே பத்தாண்டின் இறுதியில் அவ்வழியே சென்றது. இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வகையில் நேரே செல்ல இயலும், நிபந்தனைகள்தாம் வேறுபடுகின்றன. அந்நாட்டு இராணுவத்திலோ வியட்நாம் போர்க் காலத்தில் எலும்பு மருத்துவ நிபுணர் போதாமையால், மூட்டு, தசைக் கோளாறுகளுக்கு இயன்முறைச் சிகிச்சையாளரே முதலில் பார்க்கும் ஏற்பாடு வந்தது. 2005-இல் வெளியான ஆய்வொன்றின்படி, இராணுவ மருத்துவ நிலையங்களில் நேரே வந்த 50,000-க்கும் மேற்பட்டவர்களுள் ஒருவருக்கேனும் அதனால் தீங்கு விளைந்ததாகப் பதிவு இல்லை.

இம்முடிவை அப்படியே நம் நாட்டிற்குப் பொருத்திவிடலாகாது. போர் வீரர் பெரும்பாலும் இளைஞர்; மேலும், அங்கே டாக்டர் அடுத்த அறையில் இருப்பவர். நம் கிராமத்தில் முதுகு வலியுடன் வருபவர் அறுபது வயதினராகவும் இருக்கலாம்; அவருடைய முதுகெலும்பைக் காசநோய் அரித்துக்கொண்டும் இருக்கலாம். நேரே செல்வதில் பிழையில்லை. ஆயின், யாரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைக் கண்டுகொள்ளும் பொறுப்பு அப்போது டாக்டரிடமிருந்து சிகிச்சையாளருக்கும், அவரிடம் வழிகாட்டி அனுப்புபவருக்கும் மாறிவிடுகிறது.

பளுத்தூக்கியதால் வந்த இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம், முதுமையின் முழங்கால் வலி ஆகியவற்றிற்கு நேரே செல்லலாம். புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடப்பதைக் காட்டிலும் இயன்ற அளவு நடமாடுவதே நன்று. பக்கவாதத்திற்கு ஏற்கெனவே மருத்துவம் பெற்று வீடு திரும்பியவருக்கோ, மாவுக்கட்டுப் பிரித்தவருக்கோ ஒரு சீட்டுக்காகப் பல நாள் காத்திருப்பது பெருநஷ்டம். அசைக்காத மூட்டு இறுகும். இறுகியதை மீட்பது கடினம்.

இனி, முதலில் டாக்டரிடமே செல்ல வேண்டியவர்கள். முதுகு வலியுடன் தொடர்ந்த காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, ஓய்விலும் இரவிலும் தணியாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் பரிசோதனை அவசியம். கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியாதவருக்கு எலும்பு முறிந்திருக்கக்கூடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், இரத்தக் குழாயில் கட்டி உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்தல் கூடவே கூடாது. வாய் கோணுதல், ஒரு பக்கத்துக் கைகால் திடீரெனச் சோர்தல் ஆகியவை தோன்றிய அக்கணமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவற்றோடு ஒப்பவே அவசரமானது மற்றொன்று உண்டு: இடுப்பு வலியுடன் சிறுநீர் அடைபடுதலோ தன்னையறியாது கழிதலோ நேர்ந்து, மலவாயைச் சுற்றிய பகுதியும் தொடைகளின் உட்புறமும் மரத்துப்போதல். முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி இது. அறுவைச் சிகிச்சை தாமதிக்குமாயின் ஊனம் நிலைத்துவிடலாம். நோயாளி வெட்கத்தால் இதைத் தாமே சொல்லமாட்டார், கேட்டாலன்றித் தெரியவராது.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது ஒன்று. நான்கைந்து வயதுச் சிறுவன் தரையிலிருந்து எழும்போது கைகளை முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறி ஊன்றி, தன் உடல்மீதே ஏறுவதுபோல் எழுவானாயின், அதைச் சோம்பல் என்று கருதலாகாது. கெண்டைக்கால்கள் பருத்தும் இருப்பின் அது தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். பயிற்சி பின்னர் அவனுக்கு உதவும். நோயை நிர்ணயிப்பது முன்னர் நிகழ வேண்டும்.

யாரிடம் அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். மின்கருவியை வைத்து எடுக்கும் உதவியாளர் அனைவரும் இயன்முறைச் சிகிச்சையாளர் ஆகார். 2021-ஆம் ஆண்டின் தேசியச் சட்டமொன்று, இத்துறையினர் உள்ளிட்ட சுகாதாரத் தொழில் வல்லுநரின் கல்வித்தரத்தையும் பதிவேட்டையும் ஒழுங்குபடுத்த வகை செய்துள்ளது. ஆகையால் பட்டத்தையும் பதிவையும் கேட்டறிவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. நோயாளியைத் தொட்டுப் பாராமலும், வரலாறு கேளாமலும் கருவியை மாட்டுபவரிடம் எவரையும் இரண்டாம் முறை அனுப்ப வேண்டுவதில்லை.

அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் வலி தொடங்கிய நாள், விழுந்ததுண்டா, காய்ச்சலுண்டா, சிறுநீர் இயல்பாகக் கழிகிறதா, உட்கொள்ளும் மருந்துகள் யாவை என்பவற்றை எழுதிக் கொடுக்கலாம். இச்சீட்டு அனுமதிப் பத்திரம் அன்று. சிகிச்சையாளர் ஐயுற்று டாக்டரிடம் அனுப்ப நேரின், அதே சீட்டின் பின்புறத்தில் தாம் கண்டதையும் குறித்து அனுப்பலாம்.